கல்ச்சர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நாள்கள்

அம்மாவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தபோது, முந்தைய சிறுநீர்த் தொற்றுக்கு எழுதிக் கொடுத்த நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரை வீட்டில் கொஞ்சம் மீதம் இருந்தது. அதே எரிச்சல்தானே என்று நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். எரிச்சல் குறைந்தது. காய்ச்சல் இறங்கவில்லை, விலாவுக்குக் கீழே முதுகுவலியும் சேர்ந்துகொண்டது. நேராக லேபுக்குப் போய் சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து 'வளர்ச்சி இல்லை' என்று வந்தது.

அந்தத் தாளோடு டாக்டரிடம் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை போட்டாங்களா?" என்பதுதான். அந்த மருந்து சிறுநீர்ப்பையில் நன்றாக வேலை செய்யும், சிறுநீரகத் திசுவுக்குள் போதிய அளவு சேராது என்று விளக்கினார். மேலே சிறுநீரகத்தில் கிருமி இருக்க, கீழே எடுத்த மாதிரியில் அது சிக்கவில்லை. நான் கொடுத்த மாத்திரை நோயை மறைத்துவிட்டது என்று புரிந்தபோது மனசு கனத்துப்போனது.

அன்றே சேர்த்துவிட்டோம். நல்லவேளை, மாத்திரை தீர்ந்து ஒரு நாள் ஆகியிருந்தது. இந்த முறை சிறுநீர் மாதிரி எடுக்க நர்ஸ் கூடவே நின்றார். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும்; மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது; இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ரத்தமும் கல்ச்சருக்கு எடுத்தார்கள். எல்லாம் எடுத்த பிறகுதான் செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி.

அடுத்த இரண்டு நாளும் காய்ச்சல் விடவில்லை. நான் லேபுக்கு நடையாய் நடந்தேன். மூன்றாம் நாள் அங்கிருந்தவர் அம்மாவின் மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்த தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பாசி படர்ந்ததுபோல் கிருமி படர்ந்திருந்தது. அதன் மேல் ஆறு மில்லிமீட்டர் அகலக் காகித வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. சிலவற்றைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வட்டம் விழுந்திருந்தது. செஃப்ட்ரையாக்ஸோன் வில்லையின் ஓரம் வரைக்கும் கிருமி ஒட்டி வளர்ந்திருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது: இரண்டு நாளாக அம்மாவுக்குள் ஏறிய மருந்து அது.

ஈஎஸ்பிஎல் என்ற நொதியை உண்டாக்கும் ஈ. கோலை பாக்டீரியா என்று ரிப்போர்ட் சொன்னது. செஃப்ட்ரையாக்ஸோன் போன்ற மருந்துகளை அந்த நொதி உடைத்துவிடும். நைட்ரோஃபுரான்டாயினுக்கு நேரே 'எஸ்', அதாவது கிருமி கட்டுப்படும் என்று இருந்தது. அதையே கொடுக்கலாமா என்று கேட்டேன். தட்டில் கிருமி கட்டுப்படுவது வேறு, மருந்து சிறுநீரகத்துக்குப் போய்ச் சேர்வது வேறு என்றார் டாக்டர். எர்ட்டபெனம் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள், நாளுக்கு ஒரு ஊசி. இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

அன்றிலிருந்து அம்மா பக்கம் வருகிறவர்கள் கையுறையும் மேலங்கியும் போட்டுக்கொண்டார்கள். கட்டில் கம்பியைத் தொட்டாலும் கை கழுவச் சொன்னார்கள். எதிர்ப்புத் தரும் மரபணுவை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுத்துவிடுமாம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை நினைத்து, நானும் சலிக்காமல் கழுவினேன்.

ஊசி முடிந்து வீடு திரும்பும்போது, கிருமி போய்விட்டதா என்று இன்னொரு கல்ச்சர் எடுக்கலாமே என்று கேட்டேன். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். தொந்தரவு எதுவும் இல்லாதபோது சிறுநீரில் கிருமி தெரிந்தாலும் அம்மாவுக்கு மருந்து தேவைப்படாது, தாளைப் பார்த்துவிட்டு மறுபடி ஆன்டிபயாடிக் கொடுக்கத்தான் மனம் போகும் என்றார். பழைய ரிப்போர்ட்டை மட்டும் ஃபைலில் முதல் பக்கமாக வைக்கச் சொன்னார். அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டப்போகிறேன்.