பச்சை அட்டை

டெக்சாஸில் நெடுஞ்சாலைத் துறையையும் விமானத் துறையையும் 1991-இல் இணைத்து ஒரே போக்குவரத்துத் துறையாக்கினார்கள். அந்தத் துறைக்கு நில அளவை வேலை செய்து கொடுத்த ஒரு நிறுவனத்தில் பல வருடம் இருந்தேன். சாலைக்காக எடுத்து, பிறகு மிச்சமாகிப்போன நிலங்களின் கோப்புகள்தான் பெரும்பாலும் என் மேஜைக்கு வரும்.

மிச்ச நிலம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. வளைவை நேராக்கியதில் ஒதுங்கிய ஒரு முக்கோணம், வேலியோரம் நீண்ட ஒரு கீற்று, அவ்வளவுதான். அதன்மேல் யாராவது "சாலைக்கு இனி தேவையில்லை" என்று எழுத வேண்டும். அப்புறம்தான் மதிப்பீடு, போக்குவரத்து ஆணையத்தின் பரிந்துரை எல்லாம். மதிப்பு மிகக் குறைவாக இருந்தால் ஒழிய, கிரயப் பத்திரத்தில் ஆளுநரே கையெழுத்திடுவார். அரை ஏக்கர் புல்லுக்கு ஆளுநரா என்று முதலில் மலைத்தேன். பிறகு அது சரியென்று பட்டது. ஒருவரிடமிருந்து அரசு எடுத்த மண் அது, லேசாகக் கைமாறக் கூடாது.

ஓடுபாதையை ஒட்டிய நிலம் என்றால் கட்டு இன்னும் இறுக்கம். ஒரு சிற்றூரில் விமான நிலையத்தின் ஓரத்து நிலத்தை வீட்டுமனையாக விற்க விரும்பினார்கள். இரண்டாம் உலகப் போருக்காக ராணுவம் போட்ட ஓடுபாதை அது. 1944-ஆம் ஆண்டின் உபரிச் சொத்துச் சட்டப்படி, போருக்குப் பின் ஊருக்குக் கிடைத்தது. அப்படி வந்த நிலத்தை மத்திய விமான நிர்வாகம் விடுவித்தால்தான் விற்க முடியும். சந்தை விலைக்குக் குறையக் கூடாது, வரும் பணமும் விமான நிலையத்துக்கே போக வேண்டும். பழைய பத்திரத்தில் அந்த வாசகத்தை விரல் வைத்துக் காட்டினேன். ஊர்ச் செயலர் இரண்டு முறை படித்துவிட்டு, "எங்க தாத்தா காலத்துக் காகிதம் இன்னும் பேசுதே" என்றார்.

சாலைத் துண்டுகளுக்காகப் பேசும் காகிதம் அவ்வளவு இல்லை. இருப்பதில் முக்கியமானது, பழைய உரிமையாளர் திரும்ப வாங்கும் உரிமை. கட்டாயமாக எடுத்த நிலத்தின் பயன்பாடு 10 வருடத்துக்குள் ரத்தானால் அவரோ அவருடைய வாரிசுகளோ அதைத் திரும்பக் கேட்கலாம். முன்பெல்லாம் அன்றைய சந்தை விலை கொடுக்க வேண்டும். 2011-இல் சட்டத்தைத் திருத்தி, எடுத்தபோது கொடுத்த அதே விலை என்றாக்கினார்கள். நான் பார்த்ததில் மனசுக்கு நிறைவு தந்த திருத்தம் அதுதான். ஆனால் அறிவிப்பின் தபால் முத்திரைத் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விருப்பத்தைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு கோப்பில் அந்த அறிவிப்பு பதிவுத் தபாலில் போய், பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. பெற்றுக்கொண்டதற்கான பச்சை அட்டை உறையின் பின்புறம் ஒட்டியபடியே இருந்தது, கையெழுத்துக் கோடு காலி. "அனுப்பியாச்சு, மேல நகர்த்துங்க" என்றார் அலுவலகத்தில் ஒருவர். பக்கத்து நிலக்காரர் வாங்கத் தயாராகக் காத்திருந்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. போய்ச் சேராத கடிதத்தை அறிவிப்பு என்று எப்படிச் சொல்வது?

அந்தச் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனேன். தீவனக் கடையில் விசாரித்தபோது, நிலத்தின் பழைய உரிமையாளரான அந்த அம்மா, கணவர் இறந்த பிறகு மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மூன்று மைல் தூரம்தான்.

விஷயத்தைச் சொன்னதும் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். எல்லை அடையாளமாகச் சிமெண்டில் பதித்த வெண்கல வில்லை புல்லுக்குள் கிடந்தது. அதைத் தாண்டிப் போய், சாலை வேலைக்காக வெட்டிய பீக்கான் மரத்தின் அடிக்கட்டையில் கை வைத்து நின்றார். "அந்த மரத்துக்குன்னு தனியா ஒண்ணும் தரல" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அப்புறம், "அன்னைக்குக் கொடுத்த அதே விலைதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை மகள் வீட்டு முகவரிக்கு அறிவிப்பு மீண்டும் போனது. ஒன்பதாம் நாள் பச்சை அட்டை வந்தது, நடுங்கிய கையெழுத்தோடு. கோப்பில் திரும்பி வந்த உறைக்கு மேலேயே அதை வைத்துக் குத்தினேன்.