சேரிடம் தங்கிவிட்ட சீறாப்புராணம்

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து லண்டன் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோதுதான் யாழ்ப்பாணத்தில் நமக்குத் தமிழ் கற்பித்த சேர் காலமானார் என்ற செய்தி கிடைத்தது, வகுப்புத் தோழர்களே. வெள்ளிக்கிழமை நான் பாடத்தின் நடுவே எழுந்தால், கரும்பலகையிலிருந்து திரும்பாமலே "போய் வா, தம்பி" என்பார்.

1982-இல், ஒன்பதாம் வகுப்பில், விவரப் படிவத்தில் மதம் இஸ்லாம் என்றும் இனம் தமிழர் என்றும் எழுதினேன். காலைத் தேவாரத்துக்கும் வாணி விழாவுக்கும் உங்களோடு நின்றவனுக்கு ஐயமே எழவில்லை. வகுப்பாசிரியர் உரத்து வாசித்தார். 'தமிழர்' என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, இலங்கை முஸ்லிம்களைக் குறிக்கும் 'சோனகர்' என்ற இனப்பெயரை எழுதினார். வகுப்பே சிரித்தது. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

வீட்டில் வாப்பாவும் என் மீதுதான் கோபப்பட்டார். சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888-இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் வாதிட்டதையும், 1907-இல் சோனகரான ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதியதையும் அன்றுதான் கேள்விப்பட்டேன். "நம் பெயரை நாம்தான் சொல்ல வேண்டும்" என்றார் வாப்பா. அவர் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்றிரவு, நான் பேசும் மொழி என்னுடையதுதானா என்று அழுதேன்.

மறுநாள் சமய பாட நேரம். நான் எங்கே இருப்பேன் என்று சேருக்குத் தெரியும். நூலகத்துக்கு வந்து, சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தை விரித்தார். அரபு நாட்டில் மழை பொழிகிறது, வெள்ளம் வயலில் பாய்கிறது, நெல் விளைகிறது. "அங்கே பாலைவனம் என்று உமறுப்புலவருக்குத் தெரியாதா, தம்பி? நபியைப் பாட அவர் தம் மண்ணை விடவில்லை" என்றார். படிவத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அந்தப் பிரதியை எனக்கே தந்துவிட்டார்.

1990 ஒக்டோபர் 30. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அழைத்து, ஜின்னா மைதானத்தில் எங்களைக் கூட்டி, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் அகற்றப்பட்டார்கள். எங்களைப் போகச் சொன்ன கட்டளையும் தமிழில்தான் வந்தது. புத்தகம் சோனகத் தெரு வீட்டிலேயே கிடந்தது.

2002-இல், போரால் மூடிக் கிடந்த யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்த பிறகு சேரின் கடிதம் வந்தது. வெறுமையாகிவிட்ட எங்கள் வீட்டுக்குள் போய்ப் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தாராம். "ஹிஜ்ரத்துக் காண்டத்தில் நீ வைத்த மயிலிறகு அப்படியே இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்" என்று எழுதியிருந்தார். அடுத்த ஆண்டு வருகிறேன் என்று பதில் போட்டேன். வேலை, பிள்ளைகள், வீட்டுக்கடன் என்று ஒவ்வோர் ஆண்டும் அதையே எழுதினேன்.

புத்தகத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று அவர் மகள் கேட்டிருக்கிறார். அனுப்ப வேண்டாம், நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.