"பின்பக்கம் பார்த்தீரா, தம்பி?"

எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை என் சனிக்கிழமைக் காலைகள் பாடசாலை நூலகத்தின் மூலை மேசையில்தான் கழிந்தன. தபால் முத்திரைக் கழகத்தில் நாங்கள் ஒன்பது பேர். அதை நடத்தியவர் கணிதம் படிப்பித்த ஆசிரியர். எங்களுக்கு அவர் 'முத்திரை சேர்'. பெயரை எழுதவில்லை, அந்த மேசையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையுமில்லை.

கடித உறைகளைத் தண்ணீரில் ஊறவைத்து முத்திரையைக் கழற்றுவதில் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். சேருக்கு அது பிடிக்காது. உறையோடு இருந்தால் எங்கிருந்து வந்தது, எந்த நாள், என்ன கட்டணம் எல்லாம் சொல்லும். கழற்றினால் வெறும் படம்தான் மிஞ்சும் என்பார்.

நாங்கள் ஒரு முத்திரையை நீட்டினால் முகப்பைப் பார்க்கவே மாட்டார். இடுக்கியால் எடுத்துக் கறுப்புத் தட்டில் குப்புற வைப்பார். "பின்பக்கம் பார்த்தீரா, தம்பி?" என்று கேட்டுக்கொண்டே பென்சின் இரண்டு சொட்டு விடுவார். ஈரம் பரவப் பரவ, தாள் செய்யும்போதே காகிதத்துக்குள் பதிந்த அடையாளமான நீர்க்குறி கருமையாக எழும்பி வரும். மெலிந்துபோன இடம், கிழிந்து ஒட்டிய இடம் எல்லாம் வெளிப்படும். பென்சின் ஆவியானதும் மறுபடி வெறும் தாள். அந்தச் சில விநாடிகளுக்காக ஒன்பது தலைகளும் தட்டின்மேல் முட்டிக்கொள்ளும்.

கதைகளும் சொல்வார். பிரிட்டிஷ் கயானாவின் 1856ஆம் ஆண்டு ஒரு சென்ட் மஜெந்தா முத்திரையை 1873இல் கண்டெடுத்தவன் வெர்னன் வாகன் என்ற 12 வயதுப் பையன். ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். சுவீடனில் பச்சையில் வரவேண்டிய 1855ஆம் ஆண்டு மூன்று ஸ்கில்லிங் முத்திரை மஞ்சளில் வந்ததைக் கண்டவனும் பள்ளிச் சிறுவன்தான். அவனுக்குக் கிடைத்தது ஏழு குரோனர். அந்தக் கயானா முத்திரை 2014இல் நியூயோர்க் ஏலத்தில் சுமார் 95 இலட்சம் டொலருக்குப் போன செய்தியை வாசித்தபோது, எனக்குப் பணம் நினைவுக்கு வரவில்லை. அந்தத் தட்டுத்தான் வந்தது.

அச்சுப்பிழையை முதன்முதல் விளங்கவைத்தவரும் அவரே. மை சிந்தியது, தாள் மடிந்து அச்சேறியது எல்லாம் தற்செயல். அச்சகத்தின் ஒரு வேலைப்படியே தவறிப்போவதுதான் பிழை: ஒரு நிறம் விடுபடும், நடுப்படம் தலைகீழாகும், முத்திரைகளைக் கிழித்துப் பிரிக்க உதவும் துளைகளை இடாமல் தாள் வெளியே போகும். 1918இல் அமெரிக்காவின் 24 சென்ட் விமான முத்திரை இரண்டு நிறத்தில், இரண்டு முறை அச்சேறியது. ஒரு தாள் திருப்பி வைக்கப்பட்டதால் விமானம் தலைகீழாகிவிட்டது. வில்லியம் ரோபி 24 டொலர் கொடுத்து வாங்கிய அந்த 100 முத்திரைத் தாள், ஒரு கிழமைக்குள் 15,000 டொலருக்குக் கைமாறியது. 1962இல் ஐ.நா. செயலாளர் நாயகமாக இருந்த ஹமர்ஷோல்டுக்கு அமெரிக்கா வெளியிட்ட நினைவு முத்திரையில் மஞ்சள் நிறம் தலைகீழாக விழுந்தபோதோ, தபால் திணைக்களம் அதே பிழையை வேண்டுமென்றே கோடிக்கணக்கில் அச்சிட்டு அதன் அருமையைப் போக்கியது. கண்டுபிடித்தவர்களுக்குச் செய்த அநியாயம் அது என்று இன்றும் நினைக்கிறேன்.

வெளிநாடு வந்து வேலையில் அமர்ந்தபின் ஏலங்களுக்குப் போகத் தொடங்கினேன். முதல் பெரிய கொள்வனவு தபாலில் விலை கேட்டு எடுத்தது: துளையிடப்படாதது என்று பட்டியலில் போட்டிருந்த ஒற்றை முத்திரை. ஏலம் முடிந்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் தரகுப் பணத்தையும் கட்டினேன். பிறகு நிபுணர் குழுவுக்கு அனுப்பினேன். ஓரம் அகலமான சாதாரண முத்திரையின் பல்லை, அதாவது துளை வழியே கிழிந்த விளிம்பை, வெட்டியெடுத்தது என்று பதில் வந்தது. ஒற்றையில் இந்த மோசடி எளிது. அதனால்தான் துளையில்லாதவற்றைச் சோடியாக வாங்குகிறார்கள். நிபுணர் கருத்துக்கு உட்பட்டே வாங்குகிறேன் என்று ஏலத்துக்கு முன்பே எழுதிக்கொடுத்திருந்தால் பணம் திரும்பியிருக்கும். மனம் உடைந்து சேருக்குக் கடிதம் எழுதினேன். சுகம் விசாரித்து இரண்டு வரி, கீழே, "பின்பக்கம் பார்த்தீரா, தம்பி?"

பல ஆண்டுகளுக்குப்பின் ஓர் ஏலத்துக்கு முன் பொருள்களைப் பார்வையிடும் நாளில் ஒரு சோடி கைக்கு வந்தது. சுற்றிவரப் பல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மட்டும் துளையில்லை. கவிழ்த்தேன். மேசை விளக்கைத் தாழ்த்தி வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டேன். துளையிடும் ஊசி பாதி இறங்கியிருந்தால் பசையில் சிறு பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். ஒன்று தெரிந்தாலும் அது முழுப் பிழையாகாது. பூதக்கண்ணாடியோடு மேலிருந்து கீழே மூன்று தரம் போனேன். பசை வழவழவென்று இருந்தது, ஒரு பள்ளமும் இல்லை. பல் நுனிகளையும் பார்த்தேன். மறுபசை பூசியிருந்தால் அவை விறைத்து நிற்கும். இவை பஞ்சுபோல் மென்மையாக இருந்தன.

மறுநாள் நான் மனத்தில் வைத்திருந்த எல்லைக்கு ஒரு படி முன்னால் எதிராளி நிறுத்திக்கொண்டார். நிபுணர் குழுவின் சான்றிதழும் வந்தது. சொல்லச் சேர் இல்லை.

அந்தச் சோடி என் ஆல்பத்தில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் சேரின் கடித உறை. அதன் முத்திரையை நான் கழற்றவில்லை.