சம்பந்தியம்மாவின் ஸ்பானிஷ்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு நான் போனை எடுத்தால், மெக்சிகோவின் புவேப்லா நகரத்தில் சனிக்கிழமை இரவு எட்டு மணி. அங்கே என் சம்பந்தியம்மா வீட்டில் சாப்பாடு முடிந்திருக்கும். ஆனால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆறிப்போன காப்பிக் கோப்பைகள், பாதி தின்ற இனிப்பு ரொட்டி, மேசைத் துணியில் உதிர்ந்து கிடக்கும் துகள்கள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருப்பார்கள். நானும் அந்த மேசையில் ஒரு ஆளாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்.

இதற்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: சோப்ரேமேசா. சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருக்கும் நேரம். 'சோப்ரே' என்றால் மேல். 'மேசா' நம் மேசையேதான்; போர்த்துகீசியர்களிடமிருந்து தமிழுக்கு வந்த சொல், ஸ்பானிஷிலும் அதே உருவத்தில் இருக்கிறது. நமக்கு இதற்கென்று தனிச்சொல் கிடையாது, ஆனால் காரியம் உண்டு. என் அப்பா ராத்திரிச் சாப்பாடு முடிந்து, எச்சில் தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே கதை சொல்லுவார். "கை காஞ்சு போச்சு, எந்திரிங்க" என்று அம்மா நாலு தடவையாவது சொல்லுவாள். கல்யாணப் பந்தியில் மட்டும் இது நடக்காது. நாம் பாயசத்தில் இருக்கும்போதே அடுத்த பந்திக்கு ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

தபால் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மகன் வேலைக்காக மெக்சிகோ போனான், அங்கேயே பெண் பார்த்தான், கல்யாணம் மதுரையில்தான் நடந்தது. அதற்காக வந்த சம்பந்தியம்மாவுக்கும் எனக்கும் இடையில் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. கையைப் பிடித்துக்கொள்வோம், சிரிப்போம், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு மறுநாள் சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் கூட்டிப்போய் ஜிகர்தண்டா வாங்கிக்கொடுத்தேன். முதல் டம்ளரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அடியில் கிடந்த கடல்பாசியைக் கரண்டியால் வழித்தார். நான் இன்னொன்று சொன்னேன். அதில் பாதி வந்ததும் டம்ளரை வைத்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து என்னவோ சொன்னார். அதை இங்கிலீஷில் கேட்டுத் தெரிந்துகொண்டு, "ரொம்ப இனிப்பா இருக்காம்மா" என்றான் மகன். எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஊரிலேயே பேர் போன ஒன்றைக் கொடுத்து, அது பிடிக்காமல் போய்விட்டதே என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

பேத்தி பிறந்த பிறகுதான் ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்தேன். போனில் ஒரு செயலி. அது இங்கிலீஷ் வழியாகச் சொல்லிக்கொடுத்தது. 'ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது', 'பூனை பால் குடிக்கிறது'. மூன்று மாதம் படித்தேன். சம்பந்தியம்மாவிடம் போய் ஆப்பிளைப் பற்றி என்ன பேசுவது? மருமகளிடம் சொன்னேன். வீட்டில் அம்மா பேசும் சொற்களையே தினம் ஒன்றாக அனுப்ப ஆரம்பித்தாள்.

அப்படி ஒருநாள் வந்தது 'எம்பலகார்'. இங்கிலீஷில் அவள் எழுதியிருந்த விளக்கம் மூன்று வரி: இனிப்போ நெய்யோ பிடித்துச் சாப்பிட்டு, ஒரு அளவுக்கு மேல் இனி வேண்டாம் என்று வாயும் வயிறும் சொல்வது. படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. திகட்டுதல்! அன்றைக்கு அவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னது "யா மே எம்பலகே". திகட்டிருச்சு. பிடிக்காதது திகட்டாது, பிடித்ததுதான் திகட்டும். பிடிக்கவில்லை என்றால் கடல்பாசியை யார் வழித்துத் தின்பார்கள்? இத்தனை வருஷம் நான் சுமந்த மனக்குறைக்கு இடையில் நின்ற இங்கிலீஷ்தான் காரணம். அடுத்த ஞாயிறு இதைச் சொன்னபோது அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு 'திகட்டு' என்று சொல்லிப் பார்த்தார். 'ட்டு' அழுத்தமாகவே வந்தது.

அதோடு இங்கிலீஷை ஓரமாக வைத்துவிட்டேன். இப்போது என் நோட்டில் இடப்பக்கம் ஸ்பானிஷ், வலப்பக்கம் தமிழ். 'கோன்சுவேக்ரா' என்றால் சம்பந்தியம்மா. இங்கிலீஷில் இதற்கு உறவைச் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். ஓரகத்திக்கும் 'கோன்குன்யா' என்று சொல் வைத்திருக்கிறார்கள். ஆனால் அத்தை மகனும் சித்தப்பா மகனும் அவர்களுக்கு ஒரே 'ப்ரீமோ'தான். இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. காரமும் சூடும் நம்மைப் போலவே அங்கேயும் வேறு வேறு சொல். "பீகா?" என்று கேட்டால் "உறைக்குமா?" என்று அர்த்தம்.

'எஸ்த்ரேனார்' எனக்கு ரொம்பப் பிடித்த சொல். புதுசை முதன்முதலாக உடுத்துவது, செருப்பானாலும் வீடானாலும் முதல் தடவை பயன்படுத்துவது, எல்லாம் அந்த ஒரே வினைச்சொல். போன தீபாவளிக்கு எடுத்த சுங்குடிச் சேலையோடு போன் பக்கம் போனேன். நான் வாயைத் திறக்குமுன் "எஸ்த்ரேனாந்தோ?" என்றார் சம்பந்தியம்மா. நம் தெருவில் "என்னக்கா, புதுசா?" என்று கேட்கிற அதே குரல். முந்தானை ஓரத்தில் தடவியிருந்த மஞ்சளைக் காட்டினேன். அது எதற்கு என்று கேட்டார். என் ஸ்பானிஷ் அதுவரை எட்டவில்லை, மருமகள்தான் சொன்னாள்.

ஒன்றில் மட்டும் நான் மாறவில்லை. 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். பழைய காலத்தில் பெரியவர்களை விளித்த 'வுவேஸ்த்ரா மெர்சேத்' என்ற மரியாதைத் தொடர் தேய்ந்துதான் உஸ்தேத் ஆனது. நீ வா போ என்று பேசுவதற்கே 'தூதேயார்' என்று ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பே சம்பந்தியம்மா என்னிடம் 'தூ'வுக்கு வந்துவிட்டார், என்னையும் அப்படியே கூப்பிடச் சொன்னார். நெருக்கத்தில் சொல்கிறார் என்று தெரிகிறது. ஆனாலும் மதுரைக்காரிக்குச் சம்பந்தியை நீ என்று சொல்ல வாய் வராது. உஸ்தேத் என்றே சொல்கிறேன், அவரும் விட்டுவிட்டார்.

போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது பேத்தி தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள். அவர்கள் ஊரிலும் சின்னப் பெண்ணை அம்மா என்றே செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். "வேன், மாமீதா" என்று அவர் கை நீட்ட, "வாம்மா" என்று நானும் இங்கிருந்து கை நீட்டியிருக்கிறேன், தெரியாமலேயே. பிள்ளை போனை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அந்தப் பாட்டி மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.