நடுவில் ஓர் 'ஏ'

"அண்ணா, எனக்க சிஸ்டத்துல புரோகிராம் ஓடுது. இன்ஸ்டால் பண்ணினா மட்டும் கன்ஃபிக் பைலைக் காணல."

தக்கலை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது தம்பியின் போன். அங்கேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன்.

மற்றவர்கள் இன்ஸ்டால் பண்ணக் கட்டித்தரும் பைத்தான் பேக்கேஜில் எந்தக் கோப்புகளைச் சேர்க்கணும் என்ற இடத்தில் நான் எழுதியிருந்தது 'ஸ்டார் டாட் ஒய்எம்எல்', அதாவது .yml என்று முடியும் எல்லாக் கோப்பும். அவன் வைத்த பெயரோ 'டாட் ஒய்ஏஎம்எல்'.

நடுவில் ஓர் 'ஏ'. அந்த ஒரு கோப்பு மட்டும் பேக்கேஜுக்குள் ஏறவே இல்லை. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. அவன் சிஸ்டத்தில் மூலக் கோப்புறை பக்கத்திலேயே இருந்ததால் ஓடியிருக்கிறது.

இரண்டுமே யாமல்தான், கன்ஃபிக் போன்ற அமைப்புகளை எழுதிவைக்கும் ஒரு கோப்பு வடிவம். டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்தில் கோப்பின் பெயருக்கு 8 எழுத்து, பின்னொட்டுக்கு 3 எழுத்துதான் இடம். எச்டிஎம்எல் அப்படித்தான் எச்டிஎம் ஆனது. அந்த மூன்றெழுத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை. 2024இல் வந்த ஆர்எஃப்சி 9512 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் நான்கெழுத்தை விரும்புகிறது, மூன்றெழுத்தையும் ஏற்கிறது. யாமல் கோப்பைப் படிக்கும் டாக்கர் கம்போஸ் என்ற கருவியும் இரண்டையும் தேடிப் பார்க்கும்.

எதிரே இரண்டு பஸ். ஒன்றில் 'நாகர்கோவில்', மற்றதில் 'நாகர்கோயில்'. மீன் கூடையோடு வந்த அம்மா முதலில் கிளம்பும் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

கருவி ஒரு பெயரை ஏற்காவிட்டால் பரவாயில்லை, வாய்திறந்து சொல்லணும். சத்தமில்லாமல் விட்டுப்போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இரண்டு பின்னொட்டையும் சேர்த்தேன். பேக்கேஜைப் பிரித்து கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்றும் எழுதினேன்.

"இப்ப கிடக்கு அண்ணா" என்றான்.