டிஸ்கின் கடைசி 33 செக்டர்: ஒரு வேலைக் குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

வந்திருப்பது 1 டிபி, இரண்டரை இஞ்ச் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். பென்டிரைவில் ஏற்ற வேண்டிய லினக்ஸ் ஐஎஸ்ஓவை (நிறுவல் டிஸ்கின் இமேஜ் ஃபைல்) தவறுதலாக இதில் ஏற்றிவிட்டார்கள். பழைய ஃபைல்களை மீட்பதுதான் வேலை. விண்டோஸில் பார்த்தால் 2.6 ஜிபிக்கு ஒரு பார்டிஷன் (டிஸ்கில் பிரித்த பகுதி), மீதியெல்லாம் காலி இடம். நல்லவேளை, அந்தக் காலி இடத்தில் புது வால்யூம் போட்டு ஃபார்மட் அடிக்கவில்லை. ஐஎஸ்ஓ அழித்தது 2.6 ஜிபிதான். பதற்றத்தில் செய்யும் அடுத்த காரியம்தான் பெரும்பாலும் மீதியை அழிக்கும்.

லினக்ஸில், செருகியதும் டிஸ்கைத் தானே திறக்கும் ஆட்டோமவுண்டை அணைத்துவிட்டுச் செருகி, உடனே பிளாக்டெவ் கட்டளையால் டிஸ்கை ரீட்-ஒன்லி ஆக்கியாயிற்று. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 5-ஆம் எண் (பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள்) 0, 199-ஆம் எண் (தரவு கடத்தும் வழியில் பிழைகள்) 0, 197-ஆம் எண் 16. 199 ஏறியிருந்தால் முதலில் கேபிளைச் சந்தேகிக்கலாம். 197 அப்படியல்ல: 16 செக்டர்கள் (டிஸ்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்) படிக்க வராமல் நிலுவையில் நிற்கின்றன. ஆகவே ஐஎஸ்ஓ பிரச்சினை தனி, இது தனி.

செக்டர் அளவையும் பார்த்துவிட வேண்டும். சில யூஎஸ்பி பெட்டிகள் 512 பைட் டிஸ்கை 4096 என்று காட்டும். அந்தக் கணக்கில் எழுதிய பார்டிஷன் டேபிள் (எந்தப் பார்டிஷன் எங்கே என்ற பட்டியல்), டிஸ்கைக் கழற்றி நேராகக் கணினியின் சாட்டா இணைப்பில் மாட்டினால் உடைந்தது போலத் தெரியும். உண்மையில் ஒன்றும் ஆகியிருக்காது. இங்கே இரண்டு வழியிலும் 512.

ஜூன் 4, புதன்

இன்று முழுக்கப் பிரதி எடுப்பது மட்டும். இலக்கு 2 டிபி டிஸ்க், அதில் லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் அமைப்பு. ஃபேட்32 ஆகாது, 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் அதில் நிற்காது.

பழுதான டிஸ்கைப் பிரதி எடுக்கும் டிடிரெஸ்க்யூவை முதல் சுற்றில் 'என்' ஆப்ஷனோடு ஓட்டினால், முரண்டு பிடிக்கும் இடங்களில் மல்லுக்கட்டாமல் தாண்டிப் போய்விடும். நல்ல பகுதி முழுதும் கைக்கு வந்த பிறகு, இரண்டாம் சுற்றில் 'ஆர்3' (மூன்று முறை மறுமுயற்சி) கொடுத்து மிச்சத்தைச் சுரண்டலாம். மேப்ஃபைல் இல்லாமல் தொடங்கவே கூடாது. கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து எடுக்கவும், எது வரவில்லை என்று பின்னால் சொல்லவும் அது ஒன்றுதான் ஆதாரம். சாதாரணப் பிரதிக் கட்டளையான டிடி இந்த வேலைக்கு லாயக்கில்லை. முதல் பழுதிலேயே நின்றுவிடும்.

தொடக்கத்தில் விநாடிக்கு 110 எம்பி, கடைசியில் 55. உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் குறைவது இயல்பு. மூன்றேகால் மணி நேரம். இரண்டாம் சுற்றுக்குப் பின் வராதவை 8 செக்டர். மூல டிஸ்க் இத்தோடு பெட்டிக்குள் போயாயிற்று.

ஜூன் 5, வியாழன்

ஜிபிடி என்ற வகைப் பார்டிஷன் டேபிள் டிஸ்கின் தலையில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக இருக்கும். தலை போய்விட்டது, வால் கிடக்கிறது. மொத்த செக்டர் 1,95,35,25,168. கடைசிச் செக்டரைத் திறந்தால் 'ஈஎஃப்ஐ பார்ட்' என்ற எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. அதற்கு முந்தைய 32 செக்டர்களில் பார்டிஷன் பதிவுகள், ஒவ்வொன்றும் 128 பைட்.

இங்கே பார்டிஷன் டேபிளைச் சரிசெய்யும் ஜிடிஸ்கை அவசரப்பட்டு நம்ப வேண்டாம். இந்த ஐஎஸ்ஓவிலும் சொந்த ஜிபிடி உண்டு. அது தன் வாலாக 2.6 ஜிபி முடியும் இடத்தைக் காட்டும். கருவி அதைப் பிடித்துக்கொண்டால் பழைய டேபிளை விட்டுவிடும். ஹெக்ஸில் (பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் முறை) கையாலேயே படிப்பது மேல். இரண்டாம் பதிவின் 32-ஆம் பைட்டில் தொடங்கி: 00 80 00 00, பிறகு நான்கு பூஜ்யங்கள். பின்னிருந்து படித்தால் 8000, அதாவது தொடக்கச் செக்டர் 32768. முதல் 16 எம்பி விண்டோஸ் ஒதுக்கிக்கொண்டது; டேட்டா பார்டிஷன் அதற்கு அப்புறம்தான். 40-ஆம் பைட்டில் எஃப்எஃப் 67 70 74: முடிவு 1,95,35,23,711.

ஜூன் 6, வெள்ளி

விண்டோஸின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டரின் (பார்டிஷனின் முதல் செக்டர்) நகலைப் பார்டிஷனின் கடைசிச் செக்டரில் வைத்திருக்கும். அதன் 48-ஆம் பைட்டில் 00 00 0சி 00, அதாவது எம்எஃப்டி (எல்லா ஃபைல்களின் பதிவேடு) தொடங்குவது 7,86,432-ஆம் கிளஸ்டரில். ஒரு கிளஸ்டருக்கு 8 செக்டர். 8-ஆல் பெருக்கி, பார்டிஷனின் தொடக்கமான 32768-ஐக் கூட்டினால் 63,24,224-ஆம் செக்டர். டிஸ்கின் தொடக்கத்திலிருந்து 3.24 ஜிபி தூரம். ஐஎஸ்ஓ முடிந்ததோ 2.6-இல். 640 எம்பி வித்தியாசத்தில் தப்பியது. 4 ஜிபி ஐஎஸ்ஓவாக இருந்திருந்தால் எம்எஃப்டியின் முன்பகுதி போயிருக்கும்.

அந்தச் செக்டரைத் திறந்தால் முதல் நான்கு பைட்: 46 49 4சி 45, 'ஃபைல்' என்ற ஆங்கில எழுத்துகள். ஃபைல் பெயர், தாய் ஃபோல்டர், கிளஸ்டர் பட்டியல் எல்லாம் இந்தப் பதிவுகளில்தான். இவ்வளவு இருக்கும்போது, உள்ளடக்கத்தை மட்டும் வைத்து ஃபைல்களைத் தேடும் ஃபோட்டோரெக்கிடம் போவது வீண். பெயர் அத்தனையும் தொலையும், துண்டு துண்டாகக் கிடக்கும் பெரிய வீடியோ கோர்வையாக வராது.

மவுண்ட் செய்யவும் போகவில்லை. எம்எஃப்டியின் கண்ணாடிப் பிரதி 2-ஆம் கிளஸ்டரில் இருந்தது, ஐஎஸ்ஓவுக்கு அடியில் நசுங்கிவிட்டது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று, லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஸைத் திறக்கும் என்டிஎஃப்எஸ்-3ஜி மறுத்துவிடும். எம்எஃப்டி பதிவுகளை நேரடியாகப் பொறுக்கி ஃபோல்டர் மரத்தைக் கட்டும் ரெகுபெராபிட் போதும். எதையும் எழுதத் தேவையில்லை.

ஜூன் 7, சனி

மீட்பதற்கு முன் ஒரு வேலை. பெயர் சரியாக வந்து உள்ளே குப்பை இருக்கும் ஃபைல்கள்தான் ஆபத்து. திறந்து பார்க்கும்வரை தெரியாது. அதனால் புதனன்று எடுத்த டிஸ்க் இமேஜுக்கு இன்னொரு பிரதி, மேப்ஃபைலுக்கும் ஒரு பிரதி. அந்த மேப்ஃபைலில் முதல் 2.6 ஜிபியையும் கழித்தல் குறி போட்டுப் பழுது என்று மாற்றியாயிற்று. பிறகு டிடிரெஸ்க்யூவின் ஃபில்-மோடில், பழுதான ஒவ்வொரு செக்டரிலும் 'பாழ்நிலம்' என்ற சொல்லை நிரப்பியாயிற்று. இந்தச் சொல் யாருடைய எக்செல் ஃபைலிலும் தற்செயலாக வராது.

அந்தப் பிரதியை ரெகுபெராபிட்டுக்குக் கொடுத்து ஓடவிட்டிருக்கிறது. பைதான் புரோகிராம், மெதுவாகத்தான் போகும். 'எஸ்' ஆப்ஷனில் சேவ் ஃபைல் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டியிருக்காது.

ஜூன் 9, திங்கள்

பதிவு எண் 5 ரூட் ஃபோல்டர். அதை ரெஸ்டோர் செய்தால் மரம் முழுதும் வருகிறது. தாய் ஃபோல்டர் தெரியாதவற்றுக்கு எண் மைனஸ் 1, அதையும் தனியாக எடுக்க வேண்டும்.

வெளியே வந்த ஃபோல்டர் முழுவதிலும் கிரெப் என்ற தேடல் கட்டளையால் 'பாழ்நிலம்' தேடி, கிடைத்த பெயர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போட்டாயிற்று. அதிகமும் பழைய போட்டோக்கள். டிஸ்க் புதிதாக இருந்தபோது முதலில் ஏறியவை போலிருக்கிறது. மிகச் சின்ன டெக்ஸ்ட் ஃபைல்கள் எதுவும் பட்டியலில் இல்லை. சுமார் 700 பைட்டுக்குள் அடங்குபவை எம்எஃப்டி பதிவுக்குள்ளேயே இருந்துவிடும்.

பாழான பட்டியலும் மீண்ட ஃபோல்டரும் புது டிஸ்கில் போகின்றன. பழைய டிஸ்க், உரியவர் சரிபார்த்துச் சொல்லும்வரை, ஃபார்மட் செய்யாமல் அப்படியே.