நெல்லு குரூப்பு

முதல் நான்கு மாதம் என் வீட்டுக்காரரை நான் "ஐயா" என்றுதான் கூப்பிட்டேன். மரியாதை எல்லாம் ஒன்றுமில்லை. ஆளுக்கு அறுபது வயதாவது இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

2017இல் எங்கள் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் விதை வாங்கின ஆறு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். அங்கே 2 கிலோ விதை கொடுப்பார்கள், அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் மாப்பிள்ளைச் சம்பா வாங்கிப்போனார். அவர் நம்பரிலிருந்து வந்த பதில் எல்லாம் அவர் மகன் தட்டியது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் "வயல்ல நிக்கிறேங்க, அப்புறம் சொல்றேன்" என்று வாய்ஸ் வந்தது. நல்ல இளவட்டக் குரல். நான் பதறிப்போய்ப் பழைய மெசேஜை எல்லாம் மேலே தள்ளிப் பார்த்தேன். "ஐயா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். "போட்டேம்மா" என்று பதில் வேறு!

விதைப் பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அப்புறம் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுதான் பேச்சு. கும்பகோணம் அக்கா இட்லிக்குக் கடப்பா வைத்தால் படம் வந்துவிடும். நான் அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். சிட்டா, அடங்கல் நகல் எடுக்க வருகிறவர்களின் கதை என் பங்கு.

2018இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை, ஜூலை 19 ஆகிவிட்டது. 22ஆம் தேதி கல்லணை. முக்கொம்புத் தம்பி, திருவையாற்று அண்ணன், கும்பகோணம் அக்கா என்று ஒவ்வொருவராகப் படம் போட்டார்கள். நுரையும் சருகும் ஒற்றைச் செருப்புமாகத் தள்ளிக்கொண்டு வருகிற முதல் தண்ணீர். குத்தாலத்துக்கும் வந்தது. நாங்கள் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். அதிலும் அவர்களுக்குக் காவிரி, எங்களுக்கு வெண்ணாற்று வழி. கல்லணையிலேயே பாகம் பிரிந்துவிடும். குத்தாலத்தைத் தாண்டிய தண்ணீர் எங்கள் முள்ளியாற்றுக்கு வரவே வராது.

அவர் தினம் ராத்திரி தனியாக ஒரே வார்த்தை அனுப்புவார்: "வந்துச்சா?"

"இல்லை."

ஆடிப்பெருக்குக்கு அவர்கள் ஆற்றில் காதோலை கருகமணி விட்டார்கள். நாங்கள் அடிபம்பு முன்னால் காப்பரிசி வைத்துக் கும்பிட்டோம். அதைப் படம் எடுத்துப் போட எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவருக்கு மட்டும் அனுப்பினேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் "வந்துச்சா?"

கடைசியில் ஒரு விடியற்காலை வாய்க்காலில் சலசலப்புக் கேட்டது. போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். "வந்துடுச்சு" என்று அனுப்பிய பிறகுதான் அப்பாவை இன்னும் எழுப்பவில்லையே என்று உறைத்தது. எனக்கே திக்கென்றது. சரி, இது வேறு விஷயம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நவம்பர் 16 கஜா புயல். ஓட்டில் பாதி போயிற்று, கொல்லையில் தென்னை ஒன்றுகூட மிஞ்சவில்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை. நான்காம் நாள் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுச் சில்லு பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பைக். விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி 60 கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறார், ஜெராக்ஸ் கடையைச் சொல்லி வழி விசாரித்து. பையில் மெழுகுவத்தி, கொசுவத்தி, பால் பவுடர். போட்டோவில் பார்த்ததைவிடக் கறுப்பு. என்னைப் பார்த்ததும் கேட்டது, "கரண்ட் வந்துச்சா?"

"இல்லை" என்றேன். வேறென்ன சொல்ல?

"யாரு தம்பி?" என்றார் அப்பா.

"நெல்லு குரூப்புங்க."

அதற்கப்புறம் இரண்டு வீட்டிலும் நடந்த பஞ்சாயத்தை எழுதினால் தனிப் பதிவு ஆகும், அது வேண்டாம். 2020 தை மாதம் கல்யாணம். "பெரியவர் ரெண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா வாங்கிட்டுப் போயி, மாப்பிள்ளையாவே திருப்பிக் குடுத்துட்டாரு" என்று பந்தியில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னவர் திருவையாற்று அண்ணன்.

குரூப் இன்னும் ஓடுகிறது. இன்றைக்கும் வயலில் இருந்துகொண்டு, எனக்குத் தனியாக ஒரு போன் போடாமல், குரூப்பில் கேட்கிறார், "இன்னிக்கு என்ன குழம்பு?" வத்தக்குழம்பு என்று போட்டேன். உடனே கும்பகோணம் அக்கா: "ஐயாவுக்கு அப்பளம் உண்டா?"